பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால்: விழுந்த நிமிடத்திலிருந்து வீடு திரும்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யாருக்கு இது?

அம்மாவோ அப்பாவோ வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, முதன்முறையாக மருத்துவமனையில் அட்டெண்டராக உட்காரப் போகிறவர்களுக்கு. நமக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அம்மா நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்பது தெரிந்தால் போதும். அந்த வார்டில் அது தெரிந்த ஒரே ஆள் நாம்தான்.

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். பெரியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான்: நெஞ்சில் சளி, உப்புக் குறைவு, படுக்கைப்புண், மனக்குழப்பம். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாட்டுக் கணக்குகளும் சொல்கின்றன. இந்தச் சிக்கல்களில் பலவற்றை முன்கூட்டியே கவனித்தால் தடுக்கலாம். வாருங்கள், வரிசையாகப் போவோம்.

முதல் ஒரு மணி நேரம்

விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி நடக்கவைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு கால் சற்றுக் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தும் தெரிந்தால் இடுப்பு முறிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சில முறிவுகளில் கால் நேராகவே இருக்கும். தாங்கித் தாங்கி நாலடி நடக்கவும் செய்வார்கள். தொடையிடுக்கில் வலி என்று சொன்னால் அவர்களுக்கும் எக்ஸ்ரே தேவை. எண்ணெய் போட்டு உருவுவது, காலை இழுத்துவிடுவது இரண்டும் கூடாது. கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து, அசையாமல் படுக்கவைத்து, 108-ஐ அழைப்போம்.

மணிக்கட்டு உடைந்தபோது புத்தூர் போய் நாட்டு வைத்தியக் கட்டுப் போட்டுவந்த கதை பல குடும்பங்களில் இருக்கும். இடுப்புக்கு அது உதவாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே எலும்பு விலகி முறிந்திருந்தால் கட்டுப் போட்டு ஒட்டவைக்க முடியாது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எப்படி விழுந்தார்? கால் தடுக்கியதா, தலை சுற்றியதா, கண் இருண்டதா? தடுக்கி விழுந்தவருக்கு எலும்பைப் பார்த்தால் போதும். மயங்கி விழுந்தவருக்கு இதயத்துடிப்பு, சர்க்கரை, பிரஷர் மாத்திரை, பக்கவாதம் என்று தேட வேண்டியது நிறைய. தலையில் அடிபட்டிருந்து, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மாத்திரைச் சீட்டு மட்டும் போதாது. மாத்திரைகளையே அள்ளிப் பையில் போடுங்கள். பழைய ஈசிஜி, எக்கோ, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அவையும். ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை. கண்ணாடி, காது மெஷின், பல் செட். கடைசி மூன்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். அவை இல்லாமல் அம்மாவுக்கு டாக்டர் பேசுவது கேட்காது, மணி தெரியாது, இட்லியை மெல்ல முடியாது.

டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை நான்கு உண்டு. ரத்தத்தை நீர்க்கவைக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அபிக்ஸாபான் போன்ற மாத்திரைகள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இந்தச் சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். வெகுகாலமாகச் சாப்பிடும் தூக்க மாத்திரை. நான்காவது, அப்பாவின் தினசரிக் குடி. வெட்கப்பட்டு மறைத்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கமும் உளறலும் வரும்போது காரணம் தெரியாமல் எல்லோரும் அலைய வேண்டியிருக்கும்.

ஆபரேஷன்: செய்யலாமா, எப்போது?

“இந்த வயசில் ஆபரேஷனா?” என்று உறவினர் யாராவது கட்டாயம் கேட்பார். பதில் இதுதான்: ஆபரேஷன் செய்யாவிட்டால் வாரக்கணக்கில் படுக்கை, ஒவ்வொரு முறை புரட்டும்போதும் வலி, அதன் பின்னே சளியும் புண்ணும். மிகவும் தளர்ந்து, முன்பே படுக்கையில் இருந்தவர்களுக்கு வேறு முடிவு எடுக்கலாம். நடமாடிக்கொண்டிருந்தவருக்கு ஆபரேஷனே நல்லது. எழுந்து உட்காரவும் வலி குறையவும் அதுதான் வழி.

முறிவு தொடை எலும்பின் கழுத்தில் என்றால் பெரும்பாலும் பந்துப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். வார்டில் பைபோலார் என்று காதில் விழும். அதற்குக் கொஞ்சம் கீழே என்றால் ராடும் ஸ்க்ரூவும்.

அடுத்தது நேரம். பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 2020-இல் லான்செட் இதழில் வந்த ஹிப் அட்டாக் என்ற ஆய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த 2,970 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்திலும், மற்றதற்கு 24 மணி நேரத்திலும் ஆபரேஷன் நடந்தது. இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களிடம் மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவாக இருந்தன. ஆகவே ஓரிரு மணி நேரத்துக்காகப் பதற வேண்டாம். நாலு நாள் தள்ளிப்போனால் ஏன் என்று கேட்போம்.

தள்ளிப்போவது பெரும்பாலும் ‘ஃபிட்னஸ்’ என்ற சொல்லில்தான். இதய டாக்டர், பொது மருத்துவர், மயக்க மருந்து டாக்டர் மூவரும் ஆபரேஷனைத் தாங்குவாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். “எதற்காகக் காத்திருக்கிறோம்? காத்திருந்தால் அது சரியாகுமா?” இந்த இரண்டு கேள்வியையும் பணிவாகக் கேளுங்கள். உப்பு மிகக் குறைவு, கட்டுக்கடங்காத இதயத்துடிப்பு, அபிக்ஸாபான் உடலிலிருந்து இறங்க வேண்டும் என்றால் காத்திருப்பதற்குப் பொருள் உண்டு. எக்கோ எடுக்க ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்றால், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 2021-இல் வந்த ரீகெய்ன் ஆய்வில், 60 நாள் கழித்து நடக்க முடிவதிலோ உயிர் பிழைப்பதிலோ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை மயக்க மருந்து டாக்டரிடம் விட்டுவிடுவோம். வலிக்கு இடுப்பு நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி உண்டா என்று மட்டும் கேட்டுவையுங்கள். ஆபரேஷன் வரையிலான நேரம் லேசாகும்.

பட்டினி பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவான விதி திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை. நடப்பில், ராத்திரி பத்து மணிக்கு வாயைக் கட்டி மறுநாள் மாலை வரை காயப்போடுகிறோம். “எத்தனை மணிக்கு ஆபரேஷன், அதுவரை தண்ணீர் தரலாமா?” என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. நமக்குச் செலவு சாப்பாடு, டயப்பர், போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாட்கள். தனியாரில் ஊருக்கு ஊர் மாறும். நடுத்தர மருத்துவமனையில் ஒன்றரை லட்சத்தில் தொடங்கி, பெரிய நகரத்துக் கார்ப்பரேட்டில் நான்கு லட்சத்தைத் தாண்டியும் போகலாம். ஐசியூ நாட்கள் கூடினால் எல்லாக் கணக்கும் குலைந்துவிடும். ஆகவே மதிப்பீட்டை எழுத்தில் கேட்கும்போது நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: அறை, ஆபரேஷன் தியேட்டர் மற்றும் டாக்டர் கட்டணம், உள்ளே வைக்கும் உலோகம், மருந்து மற்றும் பரிசோதனை. உலோகத்தின் விலையை மட்டும் தனியாகக் கேட்டால் இரண்டு மூன்று தரம் சொல்வார்கள். எண்பது வயதுக்காரருக்கு எது போதும் என்று டாக்டரிடமே கேளுங்கள். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். உதவி எண் 1800 425 3993. பட்டியலில் உள்ள மருத்துவமனை என்பதோடு நிற்காமல், இடுப்பு முறிவு சிகிச்சைக்கு அது பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டபின் சேருங்கள். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாத ஆயுஷ்மான் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. நாம் போகும் இடத்தில் அது செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் 48 மணி நேர இலவச சிகிச்சை சாலை விபத்துக்கு மட்டும். குளியலறை விபத்துக்கு இல்லை.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் அறை வாடகை வரம்பைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள். வரம்பை மீறிய அறை எடுத்தால் வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம் உள்ளிட்ட பலவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் சொல்லியிருக்கிறது. உள்ளே வைத்த உலோகத்தின் ஸ்டிக்கரும் பில்லும் கோப்பில் இருக்கட்டும், கிளெய்மின்போது கேட்பார்கள்.

ராத்திரியில் ஆள் மாறினால்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்கிறார். சொந்தக்காரர்கள் கிளம்புகிறார்கள். அன்று ராத்திரியோ அடுத்த ராத்திரியோ அம்மா சலைன் குழாயைப் பிடுங்குகிறார், இறந்துபோன அக்காவைக் கூப்பிடுகிறார், “என்னை இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள்” என்று நம்மையே திட்டுகிறார். பார்ப்பவர் காற்று, கருப்பு என்பார். இன்னொருவர், மயக்க ஊசியால் மூளை போய்விட்டது என்பார். இரண்டும் இல்லை. இதற்கு டெலிரியம் என்று பெயர். திடீரென வரும், ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், ராத்திரியில் கூடும், காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலானவர்களுக்குத் தணியும். மறதி நோய் மெல்ல மெல்ல வருவது. டெலிரியம் வந்த நாளை நாமே சுட்டிச் சொல்ல முடியும்.

சத்தம் போடுபவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். தப்பிவிடுவது இதன் இன்னொரு வகை. அம்மா அமைதியாகப் படுத்தே கிடக்கிறார், கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறக்கிறார், நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூக்கம். “பாவம், அசதி, தூங்கட்டும்” என்று விட்டுவிடுகிறோம். நேற்றுவரை பேரன் பரீட்சையைப் பற்றி விசாரித்தவர் இன்று நாம் வந்ததையே கவனிக்கவில்லை என்றால், அது அசதி இல்லை. டாக்டர் அதிகாலையில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார். அவருக்கு இது தெரியாது.

சோதிக்க ஒரு வழி: மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று. படிக்காதவர் என்றால் கிழமைகளைச் சொல்லச் சொல்லலாம். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் இரண்டு மூன்றுக்கு மேல் போக முடியாமல் தொலைந்துவிட்டால், நர்ஸைக் கூப்பிட்டு “நேற்று இப்படி இல்லை” என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள்.

பிறகு காரணம் தேடுவது டாக்டர் வேலை: உப்பு, சர்க்கரை, ஆக்சிஜன், தொற்று, வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலும் வரும், மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். குழப்பம் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். தூக்க ஊசி போட்டு அடக்கிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விட்டால் அதை ஏற்க வேண்டாம்.

நம் வேலையும் சின்னதில்லை. ஷேரன் இனோயே என்ற அமெரிக்க முதியோர் மருத்துவரும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கவனிப்பில் 15 சதவீதமாக இருந்த டெலிரியம், மருந்தே இல்லாத சில பழக்கங்களால் 9.9 சதவீதமாகக் குறைந்தது. அவையெல்லாம் நம்மால் முடிந்தவைதான். கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிடுவது. காலையில் ஜன்னலைத் திறந்து, என்ன கிழமை, எந்த ஊர், எதற்காக இங்கே இருக்கிறோம் என்று பேச்சுவாக்கில் சொல்வது. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பது. பகலில் உட்காரவைப்பது. ராத்திரி விளக்கையும் செல்போன் சத்தத்தையும் குறைப்பது. குழப்பத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். “அக்கா அப்புறம் வருவாங்க, இந்தத் தண்ணியைக் குடிங்கம்மா” என்றால் போதும். கையைக் கட்டிப்போட அனுமதிக்காதீர்கள். கட்டினால் வெறி கூடும்.

படுக்கை தரும் மற்ற நோய்கள்

சளி: படுத்தபடி ஊட்டுவதுதான் முதல் எதிரி. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தூக்கக் கலக்கம் தெளிந்தபின் ஊட்டுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். தினமும் பல் துலக்குவதும் பல் செட்டைக் கழுவுவதும்கூட நுரையீரலைக் காக்கும். மூன்று பந்துகள் உள்ள ஊதுகுழல் போன்ற கருவி தருவார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.

ரத்தக்கட்டி: வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி இதற்காகத்தான். வீட்டுக்குப் போனபிறகும் சில வாரம் தொடர வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சிரைப்பு என்றால் உடனே கூப்பிட வேண்டும்.

படுக்கைப்புண்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது. முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் தினமும் பாருங்கள். புத்தகத்தில் சிவப்பாகும் என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் அது தெரியாது. சுற்றுத் தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அங்கே புண் தொடங்குகிறது. காற்று மெத்தை இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அது இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

சிறுநீர்க் குழாய்: வசதிக்காக வைத்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். “எப்போது எடுப்பீர்கள்?” என்று ஆபரேஷனுக்கு அடுத்த நாளே கேளுங்கள். எடுத்தபின் சிறுநீர் போகிறாரா என்று கவனியுங்கள். அப்பாக்களுக்கு ப்ராஸ்டேட் தொல்லை தரும்.

உப்பு: வார்டில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். சோடியம் 135-க்குக் கீழே போனால் குறைவு. பிரஷருக்காகச் சாப்பிடும் நீர் மாத்திரையும் ஒரு காரணம். நாமாக உப்புக் கரைத்துக் கொடுத்துவிடக் கூடாது. சில வகைக் குறைவுக்குத் தண்ணீரைத்தான் கட்டுப்படுத்துவார்கள். பார்க்க வருபவர்கள் இளநீரோடு வருவார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து.

சாப்பாடு: கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் என்றால் எலும்பும் தசையும் தேறாது. நோயுற்ற முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 50 கிலோ எடைக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் என்று பிரித்துச் சேர்ப்போம். சிறுநீரக நோயாளி என்றால் கேட்டபின்.

இவை அத்தனைக்கும் பொதுவான மருந்து, எழுந்து உட்காருவது. தடை ஏதும் டாக்டர் சொல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு மறுநாளே நாற்காலி, வாக்கரோடு நாலடி. “தையல் பிரிந்துவிடும்” என்று தடுப்பது பெரும்பாலும் நாம்தான்.

துணைக்கு யார்?

ஒருவரே பகலும் இரவும் இருப்பது தியாகம்போலத் தெரியும்; மூன்றாம் நாள் அவரே விழுவார். இருவர் அல்லது மூவர் முறை வைத்துக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், சிறுநீர், மலம், தூக்கம், பேச்சு, என்ன புதிது. முறை மாறும்போது நோட்டும் கைமாற வேண்டும். இரவுக்கு ஆள் வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கேட்பார்கள். டெலிரியம் இருக்கும் நாட்களில் அந்த ஆள் போதாது. தெரிந்த முகம் வேண்டும்.

அம்மாவிடம் கேட்டோமா?

நிலைமை மோசமானால் ஐசியூ, வெண்டிலேட்டர் என்று கையெழுத்துக் கேட்பார்கள். அப்போது அண்ணன் தம்பிகள் வராந்தாவில் நின்று வாதாடுவதைவிட, தெளிவாக இருக்கும்போதே அம்மாவிடம் கேட்பது நல்லது. அதை எழுதிவைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. நோட்டரி முன்னிலையில் செய்யலாம்.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் நாளில் பில் கட்டும் அவசரத்தில் முக்கியமானவற்றை விட்டுவிடுவோம். பழைய மாத்திரைகளில் எவை தொடரும், எவை நிற்கும், எவை புதிது என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். உலோகப் பந்து வைத்திருந்தால் தரையில் சப்பணமிடுவது, குந்துவது, மணையில் உட்காருவது டாக்டர் சொல்லும்வரை கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் கமோடு நாற்காலி. சுவரில் கைப்பிடி, ராத்திரி விளக்கு. மிதியடியையும் கால்விரிப்பையும் எடுத்துவிடுங்கள். வாக்கர் ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யுங்கள். பல நோய்கள் ஒன்றாக உள்ளவர்களுக்கு முதியோர் மருத்துவர் ஒருவர் இருப்பது நல்லது. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே உள்ளது. முதியோர் உதவி எண் 14567.

கவனம்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசலில் நின்று “வேறு நல்ல ஆஸ்பத்திரி தெரியும்” என்பவர்களோடு போகாதீர்கள். வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தராதீர்கள். வயதான சிறுநீரகம் தாங்காது.

கடைசியாக, அதிகம் பேர் மறப்பது. சும்மா நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே சிதைந்து பலவீனமாகியிருந்தது என்று பொருள். ஆபரேஷன் அந்த ஓர் இடத்தைத்தான் சரிசெய்தது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம், இடுப்பு முறிவுக்குப் பின் 90 நாட்களுக்குள் தொடங்கியபோது மறுமுறிவும் இறப்பும் குறைந்தன என்று 2007-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரகம், வைட்டமின் டி, பல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்புச் சிதைவுக்கான மருந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு ஊசிக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.